மஞ்சள் நிலக்சி

மனிதர்கள் நான்கு வகைப்படுவர்: சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரக் காப்புறுதிக் கம்பனி ஒன்று இந்தப் பேருண்மையைச் சென்ற வசந்தத்தில்தான் கண்டறிந்தது. அதுவரை அங்கே எல்லோரும் தங்கள் நிறம் தெரியாமலேயே, பாவம், ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

கணக்குப் பிரிவின் தலைமைப் பதவி காலியானபோது, அது நிலக்சிக்குத்தான் என்று வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். எட்டு வருடமாக வாயைத் திறக்காமல் மற்றவர்களின் பிழைகளைத் திருத்தியவள். அந்தப் பதவிக்குத் தனி அறை உண்டு, அறைக்குக் கதவும் உண்டு. அவள் ஆசைப்பட்டது அந்தக் கதவுக்குத்தான்.

நிறம் கண்டுபிடிக்கும் வினாக்கொத்து ஒன்றுதான் பாக்கி. ‘பெரிய கூட்டங்களுக்குப் போவீர்களா?’ சனிக்கிழமை தோறும் என்று உண்மையை எழுதினாள். கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று மண்டபத்துக்குப் போகாவிட்டால், நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்கு யார் வருவார்கள்? ‘புதியவர்களோடு பேசுவீர்களா?’ ஆருடைய மகள் என்று அங்கே வரிசையாக வந்து கேட்கிறார்களே, பேசாமல் முடியுமா?

முடிவு வந்தது: மஞ்சள். கலகலப்பின் சிகரம்.

“கணக்கறையில் நீங்கள் வாடிப்போவீர்கள்,” என்றார் ஆளணி அதிகாரி க்ரூகர் அம்மையார். “விருந்து ஏற்பாட்டுக் குழுவுக்கு மாற்றுகிறோம்.”

“எட்டு வருடமாக வாடவில்லையே. எனக்குக் கூட்டமே பிடிக்காது.”

“பிடிக்காமலா ஒவ்வொரு சனியும் போகிறீர்கள்?”

“ஆமாம். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் போகிறோம்.”

அம்மையார் படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். “அதற்குக் கட்டம் இல்லை. தவிர, இது விஞ்ஞானம்.”

தலைமைப் பதவி பெக்கருக்குப் போனது. அவருக்குக் கூட்டல் வராது. ஆனால் ஆள் சுத்த நீலம், கணக்குக்கென்றே பிறந்த நிறம்.

வீட்டில் தாய் சந்திரகாந்தி கொதித்தார். “விசர்ச் சனங்கள்! ஒரு தாளைப் பார்த்து மனுசரைப் பிரிக்கிறதோ?”

அம்மா தன் பக்கம் பேசியதில் நிலக்சிக்குக் கண் கலங்கிவிட்டது.

“அது கிடக்கட்டும்,” என்றார் தாய். “ அந்த டுசல்டோர்ஃப் சம்பந்தத்தை வேண்டாம் எண்டிட்டன். பொடியன்ர சாதகத்தில ஏழில செவ்வாய்.”

போன மாதக் கலியாணத்தில், அவளைப் போலவே மண்டப மூலையில் ஒளிந்து நின்றவன் அவன். அவளுக்கு நன்றாகப் பிடித்திருந்தது.

“நீங்களும் தாளைத்தானே பாக்கிறியள், அம்மா!”

“இது சாத்திரம்!”

நிலக்சி அழுதாள், சாப்பிடமாட்டேன் என்றாள். கடைசியில் தாய்மனம் இளகியது.

“சரி பிள்ளை, கேட்டுப் பாப்பம். அவற்ற கொம்பனியிலயும் உந்தச் சோதனை வைச்சவையாம். பச்சையாம்.”

நிலக்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். மஞ்சள் ஆட்களுக்கென்று கம்பனி கொடுத்த கையேட்டை வரும் வழியில் ட்ராமிலேயே வாசித்து முடித்திருந்தாள்.

“பச்சையோ? அப்ப வேண்டாமம்மா. மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒத்துவராது.”

சந்திரகாந்திக்கு அன்றுதான் ஜேர்மன் விஞ்ஞானத்தின் மேல் ஒரு மரியாதை பிறந்தது.