காலையில் கேட்ட பெயர்

"ஜெகன் நல்லாருக்கணும். ஜெகன் மனசு குளுந்து இருக்கணும்."

கண்ணை மூடிச் சம்மணமிட்டிருந்த செல்வலட்சுமியின் வாயிலிருந்து இது வந்ததும், மணிகண்டனுக்குக் கையிலிருந்த பாலில்லாத கட்டஞ்சாயா கசந்தது. எஸ்டேட் லயத்து வரிசை வீட்டிலிருந்து அவளைத் தினமும் மூணாறு ரிசார்ட் வேலைக்கு ஜீப்பில் ஏற்றிப் போகிறவன் ஜெகன். சுருட்டை முடி. கூலிங் கிளாஸ் வேறு.

ஜீப் மலைப்பாதையில் போகும்போதெல்லாம் படபடப்பு என்று அவள் அழுததால் புத்த தியான வகுப்பில் சேர்த்துவிட்ட புண்ணியவான் சாட்சாத் மணிகண்டன்தான்.

"கட்டுன புருசனுக்கு வேண்ட மாட்டியாட்டி?"

"எதுக்கு, யாருக்குன்னு வெளிய சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிருக்காக. கேக்காதீக."

மறுநாள் மணிகண்டன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஜீப்பில் அவளுக்கும் ஜெகனுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தான். கியர் மாற்றும்போதெல்லாம் தொடையில் இடி விழுந்தது.

"வேணும்னே இடிக்கியாலே?"

"ரெண்டு பேரும் எறங்குங்க. இனிமே என் வண்டில ஏறவே வேணாம்!"

அடுத்த காலை ஜெகனுக்கான வேண்டுதல் இரண்டு மடங்கு நீண்டது. அவள் கண்ணோரத்தில் ஈரம் வேறு. மணிகண்டன் நொந்துபோனான்.

கடன் வாங்கிய பைக்கில் அவனே அவளைக் கொண்டுபோனான். கொண்டை ஊசி வளைவில் பைக் படுத்துக்கொண்டது. மழையில் இருவரும் தள்ளிக்கொண்டே தாமதமாகப் போனதில், மேனேஜரிடம் அவள் திட்டு வாங்கினாள். சமாதானப்படுத்துவதற்காக அடுத்த நாள் விடியலில் அவள் பக்கத்திலேயே சம்மணமிட்டு, "செல்வலட்சுமி நல்லாருக்கணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். லயமே எழுந்துகொண்டது. அவள் விருட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்கு மறுநாள்தான் அந்த அதிசயம்.

"மணிகண்டன் நல்லாருக்கணும். மணிகண்டன் மனசு குளுந்து இருக்கணும்."

ஜெகன் பெயர் மருந்துக்குக்கூட வரவில்லை. மணிகண்டனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அல்வா வாங்கிக்கொண்டு, அதே வகுப்புக்குப் போகும் சாந்தம்மாளைத் தேடிக் குழாயடிக்கே ஓடினான்.

"அக்கா, வாயத் தொறங்க! இன்னைக்கு அவ என் பேரச் சொல்லிட்டா. ஜெகன் அவுட்டு!"

சாந்தம்மாள் அல்வாவை மென்று விழுங்கிவிட்டு, அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பிரியமானவுகளுக்கு வேண்டுற பாடம் போன மாசமே முடிஞ்சிருச்சு தம்பி. இப்ப நடக்கிறது, யார நெனச்சாலே பத்திக்கிட்டு வருதோ அவுகளுக்கு வேண்டுற பாடம்."