பச்சை விளக்கில் நின்ற குற்றம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கு நான் சௌக்கியம், கார் சௌக்கியம். உங்கள் அத்தையின் சௌக்கியத்தை நீங்கள் அவளிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். என்னிடம் அவள் எதையும் சொல்வதில்லை. உங்களுக்கும் குழந்தைகளுக்கும் எல்லா நலமும் பெருகட்டும். என் மகளுக்கும் பெருகட்டும், கோபம் மட்டும் கொஞ்சம் குறையட்டும்.

போனிலேயே பேசியிருக்கலாமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் வருகிற குரல் எதுவும் இப்போதெல்லாம் சரியாக இல்லை. எல்லோரும் தண்ணீருக்குள் உட்கார்ந்து பேசுவது போலப் பேசுகிறார்கள். முந்தாநாள் உங்கள் மனைவி பேசியது மட்டும்தான் ஒரு சொல் விடாமல் விளங்கியது. "அப்பா, ஞாயித்துக்கிழமை நான் வரேன். கார் சாவிய எடுத்து மேஜை மேல வெச்சிருங்க. இனிமே நீங்க வண்டியத் தொடவே கூடாது." இவ்வளவுதான் பேச்சு. பெற்ற தகப்பனிடம் ஏன், என்ன, எப்படி என்று ஒரு கேள்வி கிடையாது. தீர்ப்பைச் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். அதனால்தான் நியாயம் கேட்க உங்களிடம் வருகிறேன். நீங்கள் பல் மருத்துவர். வலிக்காமல் பிடுங்கத் தெரிந்தவர். அவளிடமிருந்து அந்தத் தீர்ப்பைப் பிடுங்கி எறிய உங்களால் மட்டுமே முடியும்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். கார் வாங்கியபோது படிவத்தை நிரப்பிக் கொடுத்தது நீங்கள். உங்கள் போன் எண்ணைப் போட்டதும் நீங்கள். ஆகவே அபராதச் சீட்டு என்னைத் தேடி வராமல் உங்கள் போனுக்கு வந்துவிட்டது. அதில் தவறில்லை. வந்ததை அப்படியே மனைவியிடம் காட்டினீர்கள் பாருங்கள், அதைத்தான் செய்திருக்கக் கூடாது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் உங்களுக்கு இன்னும் வெள்ளை மனசு. போகட்டும். சீட்டில் என்ன போட்டிருந்தது? வேகமாகப் போனேன் என்றா? சிவப்பு விளக்கைத் தாண்டினேன் என்றா? "பச்சை விளக்கு எரிந்தும் வண்டியை எடுக்காமல் நின்று போக்குவரத்துக்கு இடையூறு செய்தது." ஊரெல்லாம் நிற்காமல் போனதற்கு அபராதம் கட்டுகிறது, நின்றதற்காகக் கட்டச் சொல்வது என்னைத்தான். அதுவும் ஒரு பச்சை இல்லையாம், மூன்று பச்சையாம்.

எண்ணிக்கை சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் நின்றேன் என்று யாராவது கேட்டார்களா? முப்பத்தாறு வருடம் ரயில் என்ஜின் ஓட்டியவன் நான். சிக்னல் பச்சையாகிவிட்டது என்பதற்காக எந்த டிரைவரும் வண்டியை எடுத்துவிட மாட்டான். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்ட வேண்டும். சிக்னல் பாதைக்கு, கொடி வண்டிக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் புறப்பாடு. ஓய்வு பெற்றுக் கார் வாங்கின அன்றைக்கே உங்கள் அத்தையைப் பின் சீட்டில் உட்காரவைத்து, நீதான் கார்டு என்று சொல்லிவிட்டேன். அவளும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டாள். விளக்கு பச்சையானதும் இரண்டு பக்கமும் பார்ப்பாள், "ரைட், போங்க" என்பாள், தோளில் ஒரு தட்டுத் தட்டுவாள். நான் எடுப்பேன். ஒன்பது வருடத்தில் ஒரு கீறல் உண்டா இந்தக் காரில்? நீங்களே கண்ணால் பார்த்திருக்கிறீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளையிடம் மாமனார் எழுதுகிற சமாசாரமா இது. உங்கள் அத்தை என்னோடு பேசுவதில்லை. ஆறு மாதமாகிறது. ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் என்ன சண்டை என்று கண்டுபிடித்திருப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினாள். முதலில் வாக்கியத்தில் பாதியை விழுங்கினாள், பிறகு மீதியையும் விழுங்கிவிட்டாள். கீழ்வீட்டுத் தையற்காரம்மாவோடு மாடிப்படியில் நின்று ஒரு மணி நேரம் பேசுகிறாள், சிரிக்கிறாள், கையை ஆட்டுகிறாள். நான் போனால் முகம் சுருங்கிவிடுகிறது. என்ன குற்றம் செய்தேன் என்று தெரியாததால், செய்திருக்கக் கூடிய எல்லாக் குற்றங்களுக்கும் வரிசையாக மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். அவளுடைய மூன்றுகால் ஸ்டூலைப் பழைய சாமான்காரனிடம் போட்டதற்கு மன்னிப்பு. அவள் அக்கா போன் செய்தபோதெல்லாம் "அவ தூங்கறா" என்று சொன்னதற்கு மன்னிப்பு. இரண்டுமே அவளுக்கு அதுவரை தெரியாது போலிருக்கிறது. வாய் திறந்தபடி நின்றாள். அப்புறம் அடுக்களைக்குள் போய் இரண்டு பாத்திரத்தை எடுத்துப் போட்டாள். எடுத்து எறிந்த வேகத்தைப் பார்த்தேன், அந்தப் பாத்திரங்கள்கூட என்னிடம் சத்தம் போடவில்லை.

ஆகவே ஆறு மாதமாக எனக்கு "ரைட், போங்க" கிடையாது. தோளில் தட்டு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஓட்டிவந்தேன். பேச்சு இல்லாவிட்டாலும் தட்டாவது இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். சம்பவத்தன்று அதுவும் போய்விட்டது. அன்றைக்குக் கடைவீதியில் ஆளுயரத்தில் பாதி இருக்கிற ஒரு கண்ணாடி வாங்கினாள், சுவரில் மாட்டுவதற்கு. அதை மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தாள். நாற்சந்தியில் நின்றோம். விளக்கு பச்சையாயிற்று. நான் காத்திருந்தேன். சொல்லும் இல்லை, தட்டும் இல்லை. டிரைவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் பார்த்தேன். பெரிய கண்ணாடிக்கு மேலே அவள் கண்கள் மட்டும் தெரிந்தன. முறைத்தாள். சரி, கார்டுக்கு ஏதோ சந்தேகம் இருக்கிறது, பாதையில் தடங்கல் இருக்கும் என்று நின்றேன். விளக்கு சிவப்பாயிற்று, மறுபடி பச்சையாயிற்று, மறுபடி முறைத்தாள். மூன்றாவது பச்சையில் கண்ணாடியின் விளிம்பால் என் பின்மண்டையில் இடித்தாள். கொடிக்கு அது சமானமாகாது என்றாலும் அவசரத்துக்கு ஏற்றுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அபராதத்தை எதிர்த்து முறையிடலாம் என்று தையற்காரம்மா மகள் சொன்னாள். அவள் கணினியிலேயே உட்கார்ந்து வண்டி எண்ணைப் போட்டேன். நான் இயந்திரமல்ல என்று நிரூபிக்கச் சொன்னது. இயந்திரத்தை ஓட்டியே தலை நரைத்தவனிடம் கேட்கிற கேள்வியா? ஒன்பது கட்டத்தில் ஒரு படம் காட்டி, சிக்னல் விளக்கு இருக்கிற கட்டங்களைத் தொடு என்றது. தொட்டேன். தப்பு என்றது. என்னிடமா! சிக்னல் என்றால் விளக்கு மட்டுமா? கம்பமும் சேர்ந்ததுதான் சிக்னல், கம்பத்தில் தொங்கும் ஏணியும் சேர்ந்ததுதான். நான்கு தடவை நான் சரியாகத் தொட்டும் நான்கு தடவை அது தப்பாகவே புரிந்துகொண்டது. கடைசியில் அந்தப் பெண் எட்டிப் பார்த்து இரண்டு கட்டத்தைத் தொட்டாள், கதவு திறந்துவிட்டது. உள்ளே போனால், மறுப்புக்குக் காரணம் கேட்டது. வண்டி திருடு போய்விட்டது, வண்டியை விற்றுவிட்டேன், வண்டி என்னுடையதே அல்ல, மற்றவை. கார்டு கொடி காட்டவில்லை என்பதற்கு இடமே இல்லை. 'மற்றவை'யில் எழுத ஆரம்பித்தேன். கார்டின் கடமைகள் என்று தலைப்புப் போட்டு முதல் வாக்கியம் முடிவதற்குள் இடம் தீர்ந்துவிட்டது என்றது.

போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரிலேயே போய்விட்டேன். இரண்டாவது மாடி, ஏழாம் எண் ஜன்னல். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அதிகாரியம்மா. என்னமோ கேட்டாள். "கொஞ்சம் உரக்கச் சொல்லும்மா" என்றேன். மறுபடியும் முணுமுணுத்தாள். மறுபடியும் சொன்னேன். காரணமே இல்லாமல் எழுந்து நின்று கத்தினாள்.

"ஐயா, பச்சை விழுந்தும் ஏன் எடுக்கலன்னு கேட்டேன்!"

"கார்டு கொடி காட்டலம்மா."

"எந்தக் கார்டு?"

"என் வீட்டுக்காரி."

ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ரயில்வே விதிமுறையை விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டாள். "ஐயா, இது கார்" என்றாள். "தண்டவாளம் இல்லேன்னு எனக்கும் தெரியும்மா" என்றேன். உடனே கணினியைத் திருப்பி, நாற்சந்திக் கேமரா எடுத்த வீடியோவைக் காட்டினாள். அதில் படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. பின்னால் பதினோரு வண்டி நிற்பதை எண்ணிக் காட்டினாள். அங்கேதான் நான் அவளை மடக்கினேன். "பதினோரு வண்டியில ஒருத்தராவது ஹாரன் அடிச்சாரா? நான் அங்கேயே இருந்தவன் சொல்றேன், ஒருத்தர்கூட அடிக்கல. யாருக்கும் இடைஞ்சல் இல்லேன்னுதானே அர்த்தம்?" அவள் வீடியோவை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள். லாரிக்காரர் ஒருவர் தலையை வெளியே நீட்டி வாயை அகல அகலத் திறந்துகொண்டிருந்ததைச் சுட்டிக் காட்டினாள். "அவரு பாடிட்டு வந்தாரும்மா, நான்கூடக் கையசைச்சேன்" என்றேன். கையசைத்ததும் வீடியோவில் இருந்தது.

கடைசியில் அவள் ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்: "வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உங்கள் மனைவியை அழைத்து வாருங்கள். அவர் வாயால் சொல்லட்டும்." நல்ல பெண். உங்கள் அத்தை வந்து, "ஆமாம், நான் போங்கன்னு சொல்லல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அபராதம் ரத்து, பழி நீங்கும், சாவி என்னிடம் இருக்கும். ஆனால் சாட்சி பேசவேண்டுமே! நேற்று கேட்டேன். உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே மாப்பிள்ளை, உங்களிடம் இரண்டு உதவி. என் மகள் ஞாயிற்றுக்கிழமை சாவிக்கு வருவதை ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள். இரண்டாவது, அத்தையிடம் நீங்கள் போனில் பேசி, வெள்ளிக்கிழமை சாட்சிக்கு வரச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் தட்ட மாட்டாள். அப்படியே என் மேல் என்ன கோபம் என்று நாசூக்காகக் கேட்டுச் சொன்னால் காலத்துக்கும் மறக்க மாட்டேன். வெளியே வீறாப்பாக எழுதுகிறேனே ஒழிய, அபராதத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம். காரையும் கொடுத்துவிடலாம், நடக்கக் கால் இருக்கிறது. அவள் பேசாத வீட்டில் இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், அவள் செய்தித்தாளைப் பிரிக்கிறாள், நான் சுவரைப் பார்க்கிறேன். முன்பெல்லாம் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவாள். எப்போது நிறுத்துவாள் என்று நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அந்தப் பாவம்தான் பிடித்துக்கொண்டதோ என்னவோ.

உங்கள் கை என்றைக்கும் நடுங்காமல் இருக்கட்டும். பேரப் பிள்ளைகளின் பால்பற்கள் வலியில்லாமல் விழட்டும், விழுந்த இடத்தில் வரிசையாக முளைக்கட்டும். என் மகளிடம் நான் அவள்மேல் கோபமாக இல்லை என்று சொல்லுங்கள். நல்ல சமயம் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பதில் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மேலே எழுதியதை முழுவதும் அடித்துவிட்டு வேறு எழுதலாமென்றால் தாள் தீர்ந்துவிட்டது, அப்படியே படித்துவிட்டு மறந்துவிடுங்கள். உறைக்குப் பசை தேடப் போன நேரத்தில் உங்கள் அத்தை இதை எடுத்துப் படித்துவிட்டாள். நான் திரும்பி வந்தபோது அழுதுகொண்டிருந்தாள். என்னை உட்காரவைத்து, அதிகாரியம்மா கொடுத்த தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: "அன்னிக்குப் போங்க போங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். பின்னால பதினோரு வண்டியும் ஹாரன் அடிச்சுது. ஆறு மாசமா நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்கதான் பதிலே சொல்றதில்ல. என்னைப் பிடிக்காமப் போச்சோன்னு நினைச்சிட்டேன்." நான் அதை இரண்டு தடவை படித்தேன். அபராதத்தைக் கட்டிவிடுகிறேன், வெள்ளிக்கிழமை சாட்சி வேண்டாம். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டேன். மகள் வந்து தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். உங்களுக்குத் தெரிந்த காது மருத்துவர் யாராவது இருந்தால் நாள் கேட்டு வையுங்கள். அவசரம் ஒன்றுமில்லை. ஆறு மாதத்தில் என்னென்ன சொன்னாயோ அத்தனையையும் முதலிலிருந்து சொல் என்று அவளைக் கேட்டுக்கொண்டேன். காலையிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு வாயை வைத்துச் சொல்லிக்கொண்டு வருகிறாள். இப்போதுதான் இரண்டாவது வாரம் நடக்கிறது.