ஐந்து முறை ஓய்வு பெற்றவர்

"சரி, கிளம்புறேன்" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் நின்றபடியே ஒரு மணி நேரம் பேசும் விருந்தாளியை உங்களுக்குத் தெரியும். அந்த இனத்தில் உசத்தியான ரகம் ஒன்று உண்டு. அதுதான் ஓய்வு பெறும் ஓட்டக்காரர். மழையும் ஆலைப் புகையும் குடிகொண்ட எங்கள் வட இங்கிலாந்து ஊர்களில் ஓட்டக் கழகத்துக்கு ஒருவர் வீதம் இவர் இருப்பார். எங்கள் ஸ்கெல்பெக் கழகத்தில் அவர் பெயர் நெவில் ஹாகர்த்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். ஜூலை மாதத்திலும் கழுத்தில் மஃப்ளர், கிட்டே போனால் தைல வாசனை. "எப்படி இருக்கீங்க?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் தொலைந்தீர்கள். தன்னுடைய குதிகால் எப்படி இருக்கிறது என்பதில் தொடங்கி, பள்ளிக்கூட நாளில் சேற்று வயலில் ஓடியது, மாவட்டத்தில் ஜெயித்தது, இங்கிலாந்தின் வெள்ளை பனியனைப் போட்டுக்கொண்டு கப்பல் ஏறியது என்று ஒன்றுவிடாமல் சொல்லி, கடைசியில் புடாபெஸ்டில் கொண்டுபோய் உங்களை இறக்கிவிடுவார். புடாபெஸ்டைத் தாண்டி அந்தக் கதை போனதில்லை. அவரும் போனதில்லை.

அப்படி அங்கே என்ன நடந்தது? பத்தாயிரம் மீட்டர் ஓட்டம், இருபத்தைந்து சுற்று. முதல் சுற்றிலிருந்தே எல்லாருக்கும் முன்னால் நம் நெவில்தான். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தார்கள். அதுவரை அவர் முதுகின் மறைவில் எதிர்க்காற்றுப் படாமல் சொகுசாக வந்துகொண்டிருந்த ஆறு பேர், நன்றிகூடச் சொல்லாமல் அவரைக் கடந்து போனார்கள்.

"மணி அடிக்கிற வரைக்கும் நான்தான்ப்பா முன்னால. அந்த மணியக் கண்டுபிடிச்சவன் ஓட்டக்காரனா இருந்திருக்கவே மாட்டான்" என்பார்.

பிறகு ஓய்வு. ஒவ்வொரு கோடைக் கடைசியிலும் ஓய்வை அறிவிப்பார். நாங்கள் கேக் வெட்டுவோம். கழகச் செயலாளர் பெரில் கண்கலங்கிப் பேசி ஒரு மேஜைக் கடிகாரம் கொடுப்பார். நெவிலும் அழுவார். வசந்தம் வந்ததும், "நான் இல்லாம கழகம் தள்ளாடுதுன்னு கேள்விப்பட்டேன்" என்று அவரே திரும்பி வந்து, அணியில் ஓர் இளைஞனுக்குப் போக வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்வார். கடிகாரம் மட்டும் திரும்பி வராது. ஹாகர்த் வீட்டில் ஐந்து கடிகாரங்கள் ஐந்து விதமாக நேரம் காட்டுகின்றன என்று அவர் மனைவி எனிட் சொல்லியிருக்கிறார்.

ஐந்தாம் முறை நாங்கள் ஒரு காரியம் செய்தோம். அவர் சொன்னதை நம்பினோம். காரணம் பெர்னி கார்சைட், சலவைக்கடை வேன் ஓட்டுகிற பையன். பத்தாயிரம் மீட்டரில் நெவில் அந்தக் காலத்தில் வைத்த கழகச் சாதனையை அவன் நெருங்கிக்கொண்டிருந்தான். அதை முறியடித்தால் இங்கிலாந்து அணித் தேர்வுக்கு அவனை அழைப்பார்கள். முறியடித்தால் கழகச் சுவரிலிருந்த பலகையில் நெவில் பெயர் இருக்காது.

"இந்தத் தடவ நீங்களே மணி அடிங்க நெவில். உங்களுக்கும் ஒரு மரியாதையா இருக்கும்" என்றார் பெரில்.

"சுத்து எண்ணத் தனியா ஆள் எதுக்கு? அதையும் நானே பார்த்துக்கிறேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

பந்தயத்தன்று பெர்னி பறந்தான். கூட ஓடியவர்கள் எங்கோ பின்தங்கிவிட்டார்கள். சாதனை போனதுதான் என்று சுற்றி நின்ற எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மணிக்கம்பத்தின் அருகே நின்ற நெவிலுக்கும் தெரிந்திருக்கும். அவர் கண்ணில் ஈரம். ஒருமுறை முடிவுக் கோட்டைப் பார்த்தார், ஒருமுறை பெர்னியைப் பார்த்தார், ஓங்கி மணியை அடித்தார்.

பெர்னி உடம்பில் இருந்த அத்தனையையும் அந்தச் சுற்றில் கொட்டி ஓடி, கோட்டைத் தாண்டிப் புல்லில் விழுந்தான். பெரில் கையிலிருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். உலகத்தில் எவனும் இதுவரை ஓடாத நேரம். அவருக்கு முகம் வெளுத்தது.

"எந்திரிப்பா. இன்னும் ஒரு சுத்து பாக்கி இருக்கு" என்றார்.

எழுந்தான். ஓடவும் செய்தான், பாவம். கால் வர வேண்டுமே. சாதனை பிழைத்துக்கொண்டது.

தேநீர்க் கொட்டகையில் யாரும் நெவிலைத் திட்டவில்லை. பெர்னியே, "விடுங்க பெரில். வயசான மனுஷன், எண்ணிக்கை தப்பிடுச்சு. எங்க தாத்தாவும் இப்படித்தான், டீயில ரெண்டு தடவ சர்க்கரை போட்டுக்குவாரு" என்றான். எல்லாரும் பரிவோடு தலையாட்டினார்கள். பெரில் முட்டை சாண்ட்விச்சைச் சின்னச் சின்னதாக வெட்டி நெவிலின் தட்டில் வைத்தார்.

நெவிலோடு வந்திருந்த எனிட்டுக்குப் பொறுக்கவில்லை. எந்த மனைவிக்குப் பொறுக்கும்?

"யாருக்கு எண்ணிக்கை தப்பிடுச்சு? எங்க கல்யாணத்துல பாதிரியார் எத்தன தடவ இருமினாருன்னு எண்ணிச் சொன்ன மனுஷன் இவரு. போன வாரம்கூடப் படுக்கையில சுத்து எண்ணிக்கிட்டுக் கிடந்தாரு. இவராவது ஒரு சுத்த விடுறதாவது."

பெருமையோடுதான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. பெர்னி கோப்பையைக் கீழே வைத்தான். எல்லாருடைய கண்ணும் நெவில் மேல்.

நெவில் சாண்ட்விச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல எனிட்," என்றார் மெதுவாக. "எனக்கு வயசாயிடுச்சு."

அதுதான் அவருடைய ஆறாவது ஓய்வு. கேக் இல்லை, கடிகாரம் இல்லை. அடுத்த வசந்தத்தில் அவர் வரவும் இல்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நீங்கள்தான் ஓட்டக்காரர் இல்லையே. அலுவலக நாற்காலியையோ, சங்கத் தலைவர் பதவியையோ, வீட்டுச் சாவிக்கொத்தையோ பெருந்தன்மையாக அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, "ஒத்தாசைக்கு நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்று மட்டும்தானே சொல்லியிருக்கிறீர்கள்? தாராளமாக நில்லுங்கள். ஆனால் உங்கள் திறமையைப் பற்றிப் பெருமையாகப் பேசக்கூடிய யாரையும் அன்றைக்கு உங்களோடு அழைத்துக்கொண்டு போகாதீர்கள்.