இன்னும் ஒரே மிதிதான்

நம் பக்கத்தில் ஒரு இனம் உண்டு. கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் எந்த ரோட்டோரத்தில் வண்டி நின்றாலும் அதைப் பார்க்கலாம். வேட்டியை மடித்துக் கட்டியிருக்கும். கையில் ஸ்பேனர் இருக்கும். உங்களை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, "தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்று சொல்லும். கழலாத நட்டைக் கண்டுவிட்டால் இதற்கு வரப்புத் தகராறில் பங்காளியைக் கண்ட மாதிரி. பேச்சுவார்த்தையே கிடையாது. மிதிதான். ஆறு முகமும் மழுங்கி நட்டு கோலிக்குண்டு போல ஆன பிறகும் விடாது. "இன்னும் ஒரே மிதிதான்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் நாற்பது மிதி மிதிக்கும்.

வீட்டுக்குள் இதை எப்படி அடையாளம் காண்பது? ரொம்பச் சுலபம். ஊறுகாய் பாட்டிலைத் திறக்கக் கொடுத்துப் பாருங்கள். கழுத்தை உடைத்து மூடியைத் தனியாகக் கொண்டுவந்து, "திறந்தாச்சு" என்று நீட்டும். குழாய் சொட்டுகிறது என்றால் இறுக்கும், இன்னும் இறுக்கும், அதற்கும் மேல் இறுக்கும், அப்புறம் அடுத்த தெருவுக்கும் சேர்த்துத் தண்ணீர் வரும். பரணில் பழைய நட்டு போல்ட்டு ஒரு டின் நிறைய வைத்திருக்கும். அதில் அன்றைக்கு வேண்டியது மட்டும் இருக்காது.

இந்த இனத்தில் நல்ல வாட்டசாட்டமான ஒன்று சின்னமனூரில் இருக்கிறது. பெயர் மலைச்சாமி. திராட்சைத் தோட்டக்காரர். போன மாதம் மேகமலை எஸ்டேட்டில் கழித்துக் கட்டிய பழைய ஜீப் ஒன்றை வாங்கிப் பச்சை பெயிண்ட் அடித்து வைத்திருந்தார். அதற்கு முதல் பயணமே தங்கச்சி வீட்டு விசேஷம்.

தங்கச்சி ராஜமணியின் மகள் சிம்ரனுக்கு வீரபாண்டி கோயிலில் காதுகுத்து. ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் பிறந்துவிடும், அதற்குள் குத்தியாக வேண்டும். பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்காரும், மலைச்சாமிதான் மூத்த தாய்மாமன். இளைய தாய்மாமனும் ஒருவன் உண்டு. மாரிசெல்வம். தேனியில் செல்போன் கடை வைத்திருக்கிறான், சட்டை கசங்காமல் எட்டரைக்கே கோயிலுக்குப் போய்விட்டான். அது மலைச்சாமிக்கும் தெரியும். அதனால்தான் ஜீப் நிறையச் சீர்: வாழைத்தார், தேங்காய், பட்டுப்பாவாடை, ஒன்பது தட்டு, பின்சீட்டில் மாலை போட்ட ஒரு கெடா.

சீலையம்பட்டி தாண்டியதும் இடது பின் டயர் உட்கார்ந்துவிட்டது. மணி ஒன்பதரை.

"ஒரு ஆட்டோவப் பிடிச்சுப் போயிருவம். வண்டி இங்கனயே கெடக்கட்டும்" என்றாள் அவர் சம்சாரம் மாயக்காள்.

"ஆட்டோவுல போயி எறங்குனா எவன் தாய்மாமன்னு மதிப்பான்? கெடாய மடியில வச்சுக்கிட்டா போகச் சொல்ற? அஞ்சே நட்டு. அஞ்சு நிமிசம்."

ஜீப்போடு வந்த ஸ்பேனர் பொம்மை மாதிரி இருக்கிறதென்று அதை வீட்டிலேயே போட்டுவிட்டு, டிராக்டர் ஸ்பேனரைக் கொண்டுவந்திருந்தார். அது ஒரு நூல் பெரிசு. அதனால் என்ன? தகரத்தைக் கிழித்து இடையில் சொருகினால் ஆயிற்று. இந்த இனத்துக்கு அளவு என்பது அடுத்தவர் கவலை.

ஸ்பேனரை நட்டில் மாட்டினார். பிடியை இடது பக்கம் நீட்டி வைத்துக்கொண்டு ஏறி மிதித்தார். அசையவில்லை. மறுபடியும் மிதித்தார். அசையவில்லை. "எந்த மடப்பய இறுக்குனானோ!" என்று முகம் தெரியாத எஸ்டேட் டிரைவரின் பரம்பரையைத் திட்டினார். திட்டினால் இளகும் என்று இந்த இனத்துக்கு ஒரு நம்பிக்கை. பிறகு சீர்த் தட்டிலிருந்து தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து நட்டுக்கு அபிஷேகம் செய்தார்.

"பிள்ளை தலைக்கு வாங்குன எண்ணெய்யா அது!"

"பிள்ளைக்கு இன்னும் முடியே மொளைக்கல. சும்மா இரு."

"ம்மே" என்றது கெடா.

ராஜமணி போன் செய்தாள். "அண்ணே, எங்கன வர்ற?"

"இந்தா, வீரபாண்டி வந்தாச்சு ஆத்தா. பாலத்துல ஏறிட்டேன்."

"கெடாச் சத்தம் கேக்குது. வண்டிச் சத்தத்தக் காணோமே?"

"எஸ்டேட் வண்டி. சத்தமே வராது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்துத் தோட்டத்தில் கிடந்த பம்புசெட் பைப்பைக் கொண்டுவந்து ஸ்பேனர் பிடியில் சொருகினார். பிடி நீண்டால் பலம் கூடும், அது சரிதான். பலம் யார் பக்கம் கூடுகிறது என்பதுதான் கேள்வி. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் இரண்டு பேரைப் பைப்பின் மேல் ஏற்றிவிட்டு, தானும் ஏறி, மூன்று பேராகக் குதித்தார்கள். 'மளுக்' என்றது. "வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே மலைச்சாமி ஓடைக்குள் விழுந்தார். வரவில்லை. நட்டு மழுங்கியிருந்தது, தகரம் பறந்து வாழைத்தாரில் குத்தியிருந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நின்று யோசிப்பீர்கள். மலைச்சாமியும் யோசித்தார். "ஒண்ணு போனா என்ன, இன்னும் நாலு இருக்கே" என்று யோசித்தார். பதினொரு மணிக்கு இரண்டாவது நட்டும் கோலிக்குண்டானது.

பதினொன்றே காலுக்கு மறுபடி போன். இந்தத் தடவை ராஜமணியின் குரல் இறங்கியிருந்தது. "அண்ணே, நேரம் போகுதுன்னு மாமியா முணுமுணுக்குறாக. மாரி மடியில வச்சுக் குத்திருவமான்னு கேக்குறாக."

ஒரு தாய்மாமனுக்கு இதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்? அப்போதே ஆட்டோவுக்குக் கையைக் காட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் கோயில். மூன்று காலி ஆட்டோக்கள் மலைச்சாமியை உரசிக்கொண்டு போயின. அவர் கண் நட்டை விட்டு நகரவில்லை. மருமகள் மடி மாறிப் போகலாம், நட்டு ஜெயிக்கக் கூடாது.

"இன்னும் ஒரே மிதிதான் ஆத்தா!" என்றார்.

"மிதியா? பாலத்துல வந்துக்கிட்டிருக்கேன்னு சொன்ன?"

மாயக்காள் போனைப் பிடுங்கினாள். எந்த இடம், என்ன நிலவரம், எத்தனை நட்டு நாசம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

பதினொன்று நாற்பதுக்கு வீரபாண்டிப் பக்கமிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. பிள்ளையோடு ராஜமணி இறங்கினாள். பின்னால் காதுகுத்தும் ஆசாரி சீனிச்சாமி, டிரைவர் சீட்டு ஓரத்திலிருந்து மாரிசெல்வம்.

"மூத்தவன் நீ இருக்கையில இளையவன் மடியில வச்சா, நீ சாகுற வரைக்கும் அதையே சொல்லிக் காட்டுவ. உக்காரு இங்கன!" என்றாள் ராஜமணி.

மலைச்சாமி ஸ்டெப்னி டயர் மேல் உட்கார்ந்தார். சிம்ரன் அவர் மடியில் உட்கார்ந்தாள். அவள் கன்னத்தை அவர் பிடித்ததில் ஐந்து விரல் கிரீஸும் பதிந்தது.

"திருஷ்டிப் பொட்டு தனியா வேண்டாம்ணே" என்றான் மாரிசெல்வம்.

ஆசாரி ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டு ஒரு காதைக் குத்தினார், மறு காதையும் குத்தினார். சிம்ரன் வீறிட்டாள். கெடாவும் வீறிட்டது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. எமகண்டம் தோற்றது.

பிள்ளை கையைத் தட்டிவிட்டதில் தோட்டின் திருகு ஒன்று தெறித்து ஜீப்புக்கு அடியில் உருண்டுபோனது. ஆசாரி கண்ணில் லென்ஸோடு தவழ்ந்து போய், சக்கரத்துப் பக்கத்தில் அதைப் பொறுக்கினார். எழுந்திருக்கவில்லை. லென்ஸைப் போல்ட்டு முனைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அண்ணே, இங்கன எல்லுன்னு ஒரு எழுத்து கொத்தியிருக்காகளே?"

"கம்பெனி பேரா இருக்கும்."

"கம்பெனி பேரா? எல்லுன்னா லெஃப்ட்டுண்ணே. எதிர் மரை. இந்தப் பக்கச் சக்கரத்துக்கு வலப்பக்கமாத் திருகுனாத்தான் கழலும்." ஆசாரி கொஞ்சம் தயங்கினார். "காலையிலருந்து நீங்க இறுக்கிக்கிட்டு இருந்திருக்கீக."

பைப்பில் ஏறிக் குதித்த இரண்டு பேரும் மெல்லக் கூட்டத்துக்குப் பின்னால் நழுவினார்கள். "ம்மே" என்றது கெடா.

ஆசாரி தகரத்தைச் சொருகி, மூன்றாவது நட்டில் ஸ்பேனரை மாட்டி, பிடியை வலது பக்கம் வைத்து அழுத்தினார். 'கிரீச்.' சுற்றிக்கொண்டே வந்துவிட்டது. மீதி இரண்டும் அப்படியே. மழுங்கிய இரண்டுக்கு ஜீப்பில் கிடந்த உளியை ஓரத்தில் சாய்த்து வைத்து, தோடு செய்கிற கையால் டொக், டொக் என்று தட்டினார். அவசரமே இல்லை. ஒரு தட்டுக்கு ஒரு நெல் அளவு நகர்ந்தது. கால் மணி நேரத்தில் இரண்டும் அவர் உள்ளங்கையில் கிடந்தன.

இப்போது எல்லோரும் மலைச்சாமியைப் பார்த்தார்கள். மனுஷன் தப்பை ஒத்துக்கொள்ளும் நேரம் இது. அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"நான் லூசாக்கி வச்சிருந்தேன்ல. அதான் ஆசாரிக்கு லேசா வந்துருச்சு" என்றார்.

சொல்லிவிட்டு ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, பஞ்சர் சக்கரத்தை எடுத்துவிட்டு ஸ்டெப்னியை மாட்டி, முதல் நட்டை வைத்து, எல்லாரும் இறுக்குகிற பக்கமாகவே ஓங்கி ஒரு திருப்பு திருப்பினார். நட்டு கழன்று அவர் பெருவிரலில் விழுந்தது.

மாயக்காள் அதற்கு மேல் காத்திருக்கவில்லை. கெடாவை அவிழ்த்து இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினாள். உள்ளே இடமில்லை. அன்றைக்கு மூத்த தாய்மாமன் மடியில் மருமகள் உட்கார்ந்தாள், இளைய தாய்மாமன் மடியில் கெடா உட்கார்ந்தது. தேய்த்த சட்டையோடு மாரிசெல்வம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீரபாண்டி போய்ச் சேர்ந்தான்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. ஆனால் ஒன்று. இதைப் படித்துக்கொண்டு வரும்போது பாதியில் உங்கள் வலது கை லேசாக முறுக்கிக்கொண்டதே, கவனித்தீர்களா? "தேங்காயெண்ணெய் எதுக்கு, ரெண்டு சொட்டு டீசல விட்டு அரைமணி நேரம் ஊறப் போட்டிருந்தா நானே கழட்டியிருப்பேன்" என்று மனசுக்குள் சொன்னீர்களே? எழுந்து போய், அடுப்படி அலமாரியில் ஊறுகாய் பாட்டிலுக்குக் கழுத்து இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.