பன்னிரண்டு லொறிகளும் இருபத்துநான்கு தேசிக்காய்களும்

அம்மா சொல்வதை அப்படியே கேட்கும் பிள்ளைகளால்தான் உலகத்தில் பாதி அனர்த்தங்கள் நடக்கின்றன. நான் அதற்கு வாழும் சாட்சி.

அப்போது கொழும்பு கோட்டையில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் தகுதிகாண் காலத்தில் இருந்தேன். வெளிநாட்டில் அமைதி காக்கப் போகும் இராணுவத்தின் பன்னிரண்டு லொறிகளை அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. (போர்க்கப்பலில் அல்ல, பழைய கார்கள் ஏற்றும் சாதாரண சரக்குக் கப்பலில்.) ஒழுங்காக அனுப்பிவிட்டால் வேலை நிரந்தரம்.

வெள்ளவத்தை வீட்டில் இதைச் சொன்னதும் அம்மா ஒரு பை நிறையத் தேசிக்காயை, அதாவது எலுமிச்சங்காயை, நீட்டினார்.

"முதன்முதலா நீ அனுப்பிற வாகனம். சில்லுக்குத் தேசிக்காய் வைக்காமல் அனுப்பிப்போடாதை."

"அம்மா, அது ஆமிக்காரற்ற லொறி."

"அதுக்கும் சில்லு இருக்குத்தானே?"

தர்க்கத்தில் பிழையில்லை. மறுநாள் காலை துறைமுகத்தில் லொறிக்கு இரண்டு வீதம் முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தேன். சாரதிச் சிப்பாய்கள் சிரிக்கவில்லை, கும்பிட்டுவிட்டே ஏறினார்கள். பன்னிரண்டு லொறிகளும் தேசிக்காய்களைச் சதக் சதக்கென்று நசித்துக்கொண்டு போய், கப்பலில் ஏற்றுமுன் வாகனங்களைச் சோதிக்கும் பரிசோதகர் முன்னால் நின்றன.

நான் வாசிக்காமலே கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது இதுதான்: போய்ச் சேரும் நாட்டில் மண், இலை, விதை எதுவும் இறங்கக்கூடாது. அதற்காகத்தான் சிப்பாய்கள் மூன்று நாளாக அந்தச் சில்லுகளைத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். பரிசோதகர் டோர்ச் அடித்துப் பார்த்தார். டயர் வெட்டுகளுக்குள் வரிசையாகத் தேசிவிதை.

"கவுத மே தெஹி தம்மே?" என்று லொறிகளுக்குப் பொறுப்பான மேஜர் சிங்களத்தில் கர்ஜித்தார். தேசிக்காய் வைத்தவன் யார் என்பது கேள்வி. பன்னிரண்டு சாரதிகளும் ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தினேன்.

என் மேலாளர் ரிஸ்வி நானா (மாளிகாவத்தைக்காரர், கோபத்திலும் மரியாதை தவறாதவர்) அமைதியாகச் சொன்னார்: "தம்பி, மூணு மணிக்கு கப்பல் கதவ மூடிருவாங்க. லொறி ஏறல்லாட்டி நீங்க நாளைக்கி வரத் தேவல்ல."

வெள்ளைச் சட்டையோடு லொறிக்கடியில் ஊர்ந்தேன். ஆயுதம், ரிஸ்வி நானா தந்த பல்லுக்குத்தும் குச்சி. மனமிரங்கிய சாரதிகளும் ஆளுக்கொரு ஆணியோடு படுத்தார்கள். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கடைசி விதை வெளியே வந்தது. லொறிகள் ஏறின.

மேஜர் என் பக்கத்தில் வந்தார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அவரோ குரலைத் தாழ்த்தி, மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார். நேற்றுத்தான் புதுக் கார் எடுத்தாராம்.

இருந்தது. அம்மா எப்போதும் ஒன்றிரண்டு கூடத்தான் போடுவார்.

வேலை நிரந்தரமானது. அந்த அலுவலகத்தின் வாகனப் பரிசோதனைப் படிவத்தில் 'தேசிக்காய் இல்லை' என்று ஒரு வரி இன்றைக்கும் இருக்கிறது. குடும்பத்தில் யார் வாகனம் வாங்கினாலும் தங்கச்சி சொல்வது இதுதான்:

"அண்ணாவைக் கூப்பிடுங்கோ. வைக்கவும் தெரியும், தோண்டி எடுக்கவும் தெரியும். குச்சியையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கோ."