கரடியை நீக்கக் கோரி

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்கால்களைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீங்களும் மகளும் சுகமென்று நம்புகிறேன். நேரில் சொல்ல முகமில்லாததால் இந்தக் கடிதம்.

ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வுபெற்றவன் நான். "என் கண்ணுக்கு எவனும் தப்ப மாட்டான்" என்று நான் அளந்ததை நம்பி, நீங்கள் தலைவராக இருக்கும் காட்டு விலங்குக் கணக்கெடுப்பில், மரங்களில் கேமரா கட்டும் வேலையைக் கொடுத்தீர்கள். முதல் கேமராவின் முன்னாலிருந்த புல்லை வெட்டாமல் வந்துவிட்டேன். அது காற்றில் ஆட ஆட, அசைவைக் கண்டால் படமெடுக்கும் அந்தப் பெட்டி கார்டு நிறையப் புல்லையே எடுத்துத் தள்ளியது. அடுத்ததை என் நெஞ்சுயரத்தில் கட்டினேன். மான்கள் காதை மட்டும் காட்டிவிட்டுப் போயின. அதற்கடுத்ததைச் சரியான உயரத்தில் கட்டி, சுவிட்சைப் போட மறந்தேன். அதனால்தான் கடைசிக் கேமராவைக் கட்டியதும், பயிற்சியில் சொன்னபடி, தூறலென்றும் பாராமல் விலங்குபோல அதன் முன்னால் நானே தவழ்ந்து பார்த்தேன். விளக்கு மினுக்கியது. அந்தக் குஷியில் இன்னொரு தரமும் தவழ்ந்தேன்.

அதே கேமராவில் கரடி பதிவாகியிருக்கிறது, இந்தச் சரணாலயத்தில் கரடி இருப்பதற்கு முதல் ஆதாரம் என்று நேற்று எல்லோருக்கும் போனில் படம் அனுப்பினீர்கள். பெருமையோடு உங்கள் அத்தையிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள்.

"இது உங்க பின்பக்கம்தானே? இத்தனை வருஷமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? அந்தக் கறுப்பு மழைக்கோட்டுதான்."

போனை வாங்கி மறுபடி பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது நானாகவே தெரிந்தது.

அடுத்த வாரம் அறிக்கை மேலிடத்துக்குப் போகிறது. மாமனாரைக் கரடியென்று கணக்குக் காட்டினார் என்ற பேச்சு உங்களுக்கு வந்தால், மகள் என்னை வீட்டுப்படி ஏறவிட மாட்டாள். தயவுசெய்து கரடியை நீக்கிவிடுங்கள். என்னை மட்டும் நீக்கிவிடாதீர்கள், மாப்பிள்ளை. ஓய்வுபெற்ற பிறகு, காட்டுக்குப் போகும் நாளில்தான் எனக்கு உயிரே வருகிறது.

நீங்கள் இருவரும் நோய்நொடி அண்டாமல் நெடுநாள் நன்றாயிருக்க வேண்டும்.

தங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகையில் உங்கள் அத்தை மழைக்கோட்டோடு வந்து நின்றாள். "அன்னைக்கு இதை அலமாரியிலயே விட்டுட்டு, வெள்ளைச் சட்டையோட தொப்பலா நனைஞ்சுல்ல வந்தீங்க?" என்றாள். உங்கள் அலுவலகத்தில் படங்களைப் பிரிக்கும் பெண்ணுக்குப் போன் போட்டு, கரடிக்கு முந்தைய படத்தைக் கேட்டு வாங்கினேன். வெள்ளைச் சட்டையில் நான் தவழ்கிறேன். "ரெண்டு படத்துக்கும் நடுவுல ஒரு நிமிஷம்கூட இல்ல சார்" என்றாள். கரடி இருக்கட்டும், மாப்பிள்ளை. என்னை நீக்கிவிடுங்கள்.