ஒரே மீன், இரண்டு முகவரி

எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி ஒரு கதை ஓடுகிறது. எந்த விசேஷ வீடானாலும் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு தடவை சொல்வார்கள். அதில் நான் அழுததாக வருகிற பகுதி பச்சைப் பொய். கண்ணில் வியர்த்தது, அவ்வளவுதான். மற்றபடி, எங்கள் வெப்சைட்டின் பெயரை மாற்றியது சரியா தவறா என்று கேட்டால், இன்றைக்கும் சரி என்றுதான் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் எங்கள் வீடு. மாடியில் சுற்றுலா வருகிறவர்களுக்கு அறைகள் விட்டிருக்கிறோம். மனைவி நஜிமாவின் மீன் சாப்பாட்டை நம்பித்தான் மெயின்லேண்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்களைக் கூட்டிவருவது வெப்சைட். ஒரு படம் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம் என்கிற அளவுக்கு இங்கே இன்டர்நெட் நொண்டிக்கொண்டிருந்த காலத்திலேயே அதை ஆரம்பித்துவிட்டேன். அதனால் அந்தமானில் தமிழ்ச் சாப்பாட்டோடு ரூம் என்று கூகுளில் தேடினால் முதலில் நாங்கள்தான் வருவோம்.

குறை ஒன்றே ஒன்று. பெயர். அந்தமான், நடுவில் ஒரு கோடு, ஃபேமிலி, மறுபடி கோடு, ஹோம்ஸ்டே, இன்னொரு கோடு, கராச்சர்மா, டாட் இன். இதைப் போனில் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவர் ஊட்டிக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்துவிடுவார். "கோடுன்னா நடுவுலயா, அடியிலயா?" என்று கேட்பவர்களும் உண்டு.

பெயரைவிடப் பெரிய குறை, அது என் பேரில் இல்லை. பதிவு செய்த காலத்தில் என்னிடம் கார்டு கிடையாது. நஜிமாவின் அண்ணன் ஜாபர் மச்சானின் கார்டைப் போட்டோம். கணக்கு அவர் பேரில், ஓடிபி அவர் போனில். (நான் அவரை மச்சான் என்பேன். அவரும் என்னை மச்சான் என்பார். யார் யாருக்கு மரியாதை கொடுக்கிறார் என்று வெளியாருக்குக் கடைசிவரை தெரியாது.) ஒவ்வொரு பெருநாள் விருந்திலும், "வெப்சைட் எப்படிப் போகுது? என் பேர்லதானே இருக்கு?" என்று கறியை எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டே கேட்பார். அந்தக் கறி எனக்கு இறங்கியதே இல்லை.

ஆகவே குட்டியாக, கோடில்லாமல், என் சொந்தக் கார்டில் ஒரு புதுப் பெயரை வாங்கினேன். (என்ன பெயர் என்று சொன்னால் விளம்பரம் என்பீர்கள்.) வெப்சைட்டை அப்படியே அங்கே நகல் எடுத்து வைத்தேன். பாக்கி ஒரே வேலை. கடையை மாற்றினால் பழைய ஷட்டரில் அம்புக்குறி போட்டு போர்டு மாட்டுவோமே, அதுபோல பழைய முகவரிக்கு வருகிறவரைப் புது முகவரிக்குத் தானாகத் திருப்பிவிட வேண்டும். அதற்கு மச்சானின் ஓடிபி வேண்டும்.

மச்சானுக்கு ஹேடோ துறைமுகத்தில், கப்பலில் வரும் சரக்கை இறக்கிக் கடைகளுக்கு அனுப்புகிற தொழில். அவருக்கு உலகமே சாக்கு மூட்டைதான். "சரக்கு பாதிக் கடல்ல வரும்போது மூட்டையில மார்க்க மாத்துனா அது யாருக்குப் போய்ச் சேரும் மச்சான்?" என்றார்.

"கவர்மென்ட்ல நம்ம ஊருக்கே பேர் மாத்திட்டாங்க. நான் ஒரு வெப்சைட்டுக்கு மாத்தக் கூடாதா?"

"மாத்தினாங்க, சரி. நீங்க இப்ப என்ன சொல்றீங்க? போர்ட் பிளேர்னுதானே?"

நியாயம் அவர் பக்கம் போனால் எனக்குக் கோபம் வரும். உங்கள் ஓடிபியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமலே நடத்திக் காட்டுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு புது முகவரியைத் திறந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நஜிமா மட்டும், "காக்காகிட்ட ஒரு வார்த்தை தணிஞ்சு பேசியிருக்கலாம்" என்றாள். (எங்கள் கீழக்கரைப் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்.) நான் தணிகிற ஆளா?

மறுநாளே கூகுளில் புதுப் பெயரைத் தேடினேன். இல்லை. எங்கள் தெருப் பெயரோடு தேடினேன். பக்கத்து வீட்டுப் பெங்காலி தாதாவின் (ரவுடி இல்லை, பெங்காலியில் அண்ணன்) கோழிப்பண்ணை வந்தது, நான் வரவில்லை. இணையத்தைப் பொறுத்தவரை நான் இன்னும் பிறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து திருப்பூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். மழைக்காலம் முழுக்க மாடி காலியாகக் கிடந்தது. இவர்களோ மாமியார், நாத்தனார், பிள்ளைகள் என்று ஒரு பட்டாளமாக, எல்லா அறைகளையும் மொத்தமாக ஒரு வாரத்துக்குக் கேட்டிருந்தவர்கள். அவர்கள் வந்தால் சீசன் நிமிரும். வராவிட்டால் அந்த வாரத்தில் வேறு யாரைப் பிடிப்பது?

"சார், நீங்க அனுப்புன பேர்ல ஒண்ணு இருக்கு. என் பையன் தேடுனா வேற பேர்ல இன்னொண்ணு வருது. ஒரே வீடு, ஒரே மீனு, ஒரே தட்டு. ரெண்டுல ஒண்ணு டூப்ளிகேட்டுங்கறான். நாளைக்கு மத்தியானம் குடும்பமா உக்காந்து டிவில போட்டுப் பாத்து முடிவு பண்றோம். அதுக்குள்ள எது அசல்னு சொல்லிருங்க."

வீராப்பாக, "நாளைக்கு ஒண்ணுதாங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த ராத்திரி முழுக்க உருண்டதாக நஜிமா சொல்கிறாள். (அது கொசு.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தோற்றுப்போனேன். யாருக்கும் தெரியாமல்தான். புது முகவரி என் கையில்தானே இருக்கிறது? அதற்கு வருகிறவர்களை எல்லாம் பழைய முகவரிக்குத் திருப்பிவிட்டேன். பழையது மட்டும் மிஞ்சட்டும், மச்சானே ஜெயிக்கட்டும், திருப்பூர்க்காரர்கள் வந்து சேரட்டும். நினைக்கவே எனக்கு என்மேல் மதிப்புக் கூடியது. ஒரு பெரிய தேக்கு மரம் சாய்ந்த மாதிரி இருந்தது.

மத்தியானம் திருப்பூரிலிருந்து வீடியோ கால் வந்தது. திரையில் ஒரு சோபா நிறைய முகங்கள். அந்த அம்மா அமைதியாகச் சொன்னார்: "சார், இப்ப ரெண்டுமே இல்லீங்க."

பழைய முகவரியைத் திறந்து பார்த்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. புதியதும் அப்படியே. கடைசியில், இந்தப் பக்கம் உங்களைப் பலமுறை திருப்பி அனுப்பிவிட்டது என்று ஒரு செய்தி. மோடத்தை அணைத்துப் போட்டேன். மொட்டை மாடிக்கு ஓடினேன். கடலைப் பார்த்தபடி போனை உயர்த்திப் பிடித்தேன். (ஏன் கடலைப் பார்த்து என்று கேட்காதீர்கள். பயத்துக்குத் திசை தெரியாது.) தீவில் எது கெட்டாலும் கப்பல் மேல் பழி போடுவோம், கப்பல் இல்லையென்றால் கடலடிக் கேபிள் மேல். நானும், "கடல்ல கேபிள் கட் ஆயிருச்சுங்க, நெட்டே இல்ல" என்றேன்.

"வீடியோ கால்லதான பேசிட்டிருக்கீங்க?" என்றது சோபாவிலிருந்து ஒரு குரல்.

கட் செய்துவிட்டேன். மச்சானைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. காலையிலேயே பாராடாங் தீவுக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். வழியில் காட்டுக்குள் வண்டிகள் வரிசையாகப் போகும், சிக்னல் கிடையாது. பழைய முகவரியைச் சரிசெய்யக்கூடிய ஒரே மனிதர் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்தேன். கண்ணில் வியர்த்தது அப்போதுதான்.

வெகுநேரம் கழித்து மச்சானே கூப்பிட்டார். படகுத்துறையின் இரைச்சல் கேட்டது.

"மச்சான், சந்தோஷமா? நேத்து நஜிமா போன்ல எல்லாம் சொன்னா. மனசு கேக்கல. காலையில கிளம்பும்போதே பழைய பேரை உங்க புதுப் பேருக்குத் திருப்பி விட்டுட்டேன்."

"மச்சான், நான் புதுப் பேரை உங்க பழைய பேருக்குத் திருப்பி விட்டுட்டேன்."

காலையிலிருந்து எங்களைத் தேடி வந்த ஒவ்வொருவரையும் நான் அவரிடம் அனுப்ப, அவர் என்னிடம் அனுப்ப, யாருமே கரையேறவில்லை.

"சரி, நான் என்னத எடுத்துடறேன்" என்றார். வேண்டாம் மச்சான், நான்தான் எடுப்பேன் என்றேன். சேச்சே, மரியாதையாக இருக்காது என்றார். சொல்லிக்கொண்டே அவர் அங்கே எடுத்துவிட்டார். கேட்டுக்கொண்டே நான் இங்கே எடுத்துவிட்டேன்.

உடனே திருப்பூர் கூப்பிட்டது. "சார், மறுபடியும் ரெண்டு வந்துருச்சுங்க."

நஜிமா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். கேபிள் கதையெல்லாம் அவளுக்கு வராது. இரண்டு மச்சான்கள், ஒரு ஓடிபி, வெள்ளிக்கிழமைக் கோபம், ஞாயிற்றுக்கிழமைப் பாசம் என்று ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். நான் மாடியைப் பார்த்தேன். ஒரு வார அறைகளும் அத்தனை மீனும் என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தன.

போனிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மாமியார் சிரிப்பு, நாத்தனார் சிரிப்பு எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. அடங்கியதும் அந்த அம்மா சொன்னார்: "ஏமாத்துறவன் யாரும் இவ்வளவு கேவலமா செய்யமாட்டான் அக்கா. நீங்க அசல்தான். ரூம் போட்டுருங்க."

வந்தார்கள். ஒரு வாரம் இருந்தார்கள். மீனைவிட என்னைத்தான் அதிகம் வேடிக்கை பார்த்தார்கள்.

பெயர் விஷயத்தில் தீர்ப்பையும் நஜிமாதான் சொன்னாள். காக்கா பழையதைத் திருப்பட்டும், இவர் எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரட்டும் என்றாள். நான் கட்டினேன். ஆக, நின்றது என் புதுப் பெயர்தான் என்பதைக் கதை சொல்கிறவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். சில வாரங்களில் கூகுளும் வழிக்கு வந்தது. நான் பிடிவாதமாக இருந்தவரை ஒன்றுக்கு இரண்டாக வெப்சைட் இருந்தது. விட்டுக்கொடுத்த அன்றுதான் இருந்ததும் போனது. அன்றிலிருந்து குடும்ப நலன் கருதி நான் எதிலும் விட்டுக்கொடுப்பதில்லை.

அவர்களும் விடுவதில்லை. நான் எதைக் கெடுத்தாலும் வீட்டில் ஒரே சொல்தான்: அசல். இந்தி பேசுகிறவர்களிடம் என்றால், அஸ்லி. போன மாதம் காரைப் பின்னால் எடுத்து எங்கள் சொந்தக் கேட்டிலேயே மோதினேன். சத்தம் கேட்டு பெங்காலி தாதா ஓடிவந்து "க்யா ஹுவா?" என்று, என்ன ஆச்சோ எனப் பதறினார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் வாசலிலிருந்தே, ஒன்றுமில்லை என்று இந்தியில் பதில் சொல்லிவிட்டாள்: "குச் நஹி அங்கிள். வாப்பா அஸ்லி ஹை."

கேட் இன்னும் நிமிரவில்லை. நானும் வளையவில்லை.